வௌவாலைப் படித்தால் என்ன கிடைக்கும்?

குளுவாங் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. உயர்கல்வி வழிகாட்டி நாள் நிகழ்ச்சிக்காக ஐந்தாம் படிவ மாணவர்களும் பெற்றோரும் மண்டபத்தில் கூடியிருந்தனர். என் உரை முடிந்து கேள்வி நேரம் தொடங்கியது. மருத்துவத்திற்கு எத்தனை 'ஏ' வேண்டும், உபகாரச் சம்பளத்திற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று வழக்கமான கேள்விகள் வந்தன. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்தார்.

"சார், எங்க வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் டுரியான் மரம் இருக்கு. இவன் ராத்திரியெல்லாம் அங்க நின்னு வௌவாலைப் பார்த்துக்கிட்டு இருக்கான். பெரிய படிப்பு படிச்சு வௌவாலைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணப் போறானாம். பேராசிரியர் ஆகணுமாம். வௌவாலைப் படிச்சா என்ன சார் கிடைக்கும்?"

மண்டபம் சிரித்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். தந்தை கேலிக்காகக் கேட்கவில்லை. அவர் முகத்தில் கவலைதான் இருந்தது. மகனின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படும் எந்தத் தந்தையும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அன்று எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பேராசிரியர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், படிப்பு உயர உயரப் பரப்பு குறுகிக்கொண்டே போகிறது. எஸ்.பி.எம். தேர்வுக்கு ஒன்பது அல்லது பத்துப் பாடம் எடுக்கிறோம். பட்டப்படிப்பில் ஒரு துறை. முதுகலையில் அத்துறையின் ஒரு பகுதி. முனைவர் பட்டத்தில் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியோடு நான்கைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அதிலிருந்து கிளைக்கும் கேள்விகளோடு இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்பவர்தாம் பேராசிரியர். அதனால்தான் ஒரே துறையில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவருக்குக்கூட ஒருவர் ஆராய்ச்சி மற்றவருக்கு முழுமையாகப் புரிவதில்லை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தை மாற்றியது நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. வௌவால் அதிலும் வருகிறது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. சிலர் நினைவிழந்தனர், சிலர் இறந்தனர். அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் நோய் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத் தொழிலாளர்களையும் தாக்கியது.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நரம்பியல் வல்லுநர்களுக்கு இதில் சில செய்திகள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே வந்தவர்களோ வயது வந்த ஆண்கள். கொசு எல்லாரையும்தான் கடிக்கும். ஆனால், பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டுமே நோய் வந்தது. தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. இது வேறு நோய் என்ற ஐயம் எழுந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையில் நச்சுயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கி வந்தது. நச்சுயிரி என்பது வைரஸ். அங்கே பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச் மாதத்தில் நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்வதில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்திற்குப் பறந்தார். அங்கிருந்த மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது உலகம் அதுவரை அறிந்திராத வைரஸ் என்பது தெளிவாகத் தொடங்கியது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா வைரஸ் என்று அழைக்கப்படுகிறது.

அதன்பிறகு கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளின் மீது கவனம் திரும்பியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன; பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. ஆனால், சில மாதங்களில் நோய் அடங்கியது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தனர். உண்மை தெரிவது இன்னும் தள்ளிப்போயிருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்குமோ!

சரி, பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? இங்கேதான் வௌவால் வருகிறது. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரப் புறநகரான ஹெண்ட்ராவில் குதிரைகளையும் அவற்றின் பயிற்சியாளரையும் கொன்ற வைரஸ் ஒன்று இருந்தது. அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நிப்பா, அந்த ஹெண்ட்ரா வைரஸின் நெருங்கிய உறவு. ஆகவே, நம் ஆய்வாளர்கள் எங்கே தேட வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். குதிரை செத்ததற்காக ஆஸ்திரேலியாவில் வௌவாலைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அன்று யாராவது, "இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கக்கூடும். பயன், சில ஆண்டுகள் கழித்து, சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மலேசியாவில் தெரிந்தது.

டாக்டர் சுவாவின் குழு தியோமான் தீவுக்குச் சென்றது. நம் மெர்சிங் படகுத்துறையிலிருந்து மக்கள் விடுமுறைக்குப் போகும் அதே தீவுதான். அங்கே பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் நெகிழித் தாள்களை விரித்துவைத்து, விடியற்காலையில் விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட ஜம்பு ஆயர் பழத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். நிப்பா வைரஸ் இரண்டிலும் இருந்தது. இந்த முடிவு 2002இல் வெளிவந்தது. பண்ணையை ஒட்டிய பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழ, அதைப் பன்றி தின்றிருக்க வேண்டும். பழமரங்களைத் தொழுவத்திலிருந்து தள்ளி நடவேண்டும் என்ற எளிய பாடம் இத்தனை பேரின் உழைப்பிற்குப் பிறகே நமக்குக் கிடைத்தது. நிப்பாவை ஆராய்ந்த மலாயாப் பல்கலைக்கழகக் குழுவிற்கு 2008இல் மெர்டேக்கா விருது வழங்கப்பட்டது.

நரம்பியல் வல்லுநர் மட்டும் இருந்திருந்தால், "இது வேறு நோய்" என்பதோடு நின்றிருப்பார். நச்சுயிரியல் வல்லுநர் மட்டும் இருந்திருந்தால், எந்த நோயாளியிடம் தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வௌவாலின் வாழ்க்கையை அறிந்தவர் இல்லையென்றால் தியோமானில் தாள் விரிக்க யாருக்கும் தோன்றியிருக்காது. ஒருவர் அறிவு முடியும் இடத்தில் இன்னொருவர் அறிவு தொடங்கியிருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் வௌவாலைக் கண்டாலே விரட்ட வேண்டும் என்று முடிவுசெய்துவிடலாம். அங்கேயும் வேறோர் ஆய்வாளர் நம்மைத் தடுக்கிறார். ஷீமா அப்துல் அசிஸ் என்னும் மலேசிய ஆய்வாளரின் குழு, அதே தியோமான் தீவில், அதே இன வௌவாலை, முற்றிலும் வேறு கேள்வியோடு அணுகியது. டுரியான் மரங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி, இரவில் பூக்களுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். வௌவால் பூவைக் கெடுக்காமல் தேனை மட்டும் அருந்திவிட்டு மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வது பதிவானது. டுரியான் காய்ப்பதற்கு அந்த வௌவால் துணைசெய்கிறது என்று 2017இல் அவர்கள் எழுதினார்கள். ஒருவருக்கு நோயின் ஊற்றாகத் தெரிந்த உயிரி, மற்றொருவருக்குப் பழத்தோட்டத்தின் தோழனாகத் தெரிந்தது. இரண்டும் உண்மை. இரண்டும் தெரிந்தால்தான் தோட்டக்காரர் வௌவாலை என்ன செய்வது என்று சரியாக முடிவெடுக்க முடியும்.

ஜொகூர் மாணவர்களுக்கு இதைவிட நெருக்கமான நினைவு ஒன்று உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மாணவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்று பெற்றோர் கேட்டவை மிக எளிய கேள்விகள்: இந்த நெடி என்ன? காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும்? பிள்ளையின் நுரையீரலுக்குப் பிறகு ஏதும் ஆகுமா? யார்மீது வழக்குத் தொடுப்பது? முதல் கேள்வி வேதியியலாருக்கு உரியது. இரண்டாவது வளிமண்டலத்தைப் படித்தவருக்கு. மூன்றாவது நச்சியல் மருத்துவருக்கு. நான்காவது சுற்றுச்சூழல் சட்டம் பயின்றவருக்கு. இவர்களில் ஒருவர் குறைந்தாலும் ஒரு கேள்வி பதிலின்றி நிற்கும். இப்படிப்பட்டவர்களை ஆபத்து வந்தபிறகு அவசரமாக உருவாக்க முடியாது. ஆறு தெளிவாக ஓடும் காலத்திலேயே யாராவது அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறிவியலுக்கு இது பொருந்தும், மொழிக்கும் வரலாற்றுக்கும் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். மொழியாசிரியனாக வேலையைத் தொடங்கியவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி சற்று வலிக்கும்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கொரு வெள்ளி தாருங்கள் என்ற வேண்டுகோளுக்குச் சாதாரணத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டியவருக்கு அக்காலத்தில் ஒரு வெள்ளி சிறிய தொகை அன்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் யாரும், "தமிழைப் படித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தத் துறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர், கத்தோலிக்கத் துறவி. உரோமாபுரியில் சமயக் கல்வி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ், இலண்டனில் கல்வியியல் என்று அவர் படிப்பு பல நாடுகளில் பரந்தது. இத்தாலியம், இலத்தீன், போர்ச்சுகீசியம் முதலிய மொழிகளை அறிந்திருந்தார். அந்த மொழிகளால் தமிழுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அகராதியே பதில். அந்தாவோ தெ ப்ரொயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி 1679இல் அச்சானது. காலப்போக்கில் அது கண்ணிலிருந்து மறைந்து, ஒரு படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதன் அருமையை உணர, தமிழும் தெரிய வேண்டும், போர்ச்சுகீசியமும் தெரிய வேண்டும், ஐரோப்பிய நூலகங்களில் பொறுமையாகத் தேடவும் வேண்டும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன. 287 ஆண்டுகளுக்குப் பிறகு, 1966இல், அந்த அகராதி கோலாலம்பூரிலிருந்து மறுபடியும் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தமிழர் ஒரு சொல்லை எந்தப் பொருளில் வழங்கினார்கள் என்று அறிய விரும்பும் எவரும் இன்று அதைப் புரட்டலாம்.

அதே 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கிவைத்தார். பல நாட்டுப் பேராசிரியர்கள் தமிழைப் பற்றிப் பேச நம் நாட்டுக்கு வந்தார்கள். அந்த மாநாட்டுக்கு வித்திட்டவரும் அடிகளார்தான். ஆளுக்கொரு வெள்ளி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

தமிழை ஆராயத் தமிழராகப் பிறந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜப்பானியரான நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். திருச்சி வட்டாரத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு சிற்றூர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஓர் ஊரில் நிலம் யாரிடம் எப்படி இருந்தது என்று காட்டினார். இரண்டே ஊர்கள்! (அவர் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றில் கறியைப் பற்றி விளக்கும் பேராசிரியராகவும் வருகிறார் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.) நம் மாநிலத்திலேயே, ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அகமட் பௌசி இஸ்மாயில் மெல்லிய சவ்வுகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு, ஒரு வாயுவை விட்டு மற்றொன்றைத் தடுக்கும் சவ்வு என்று பலவகை உண்டு. பள்ளிப் பேருந்தில் அந்த வளாகத்தைக் கடந்துபோகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே இப்படி ஓர் ஆராய்ச்சி நடப்பது தெரியும்?

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பேராசிரியர்கள் எழுதுவதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், ஆய்விதழ்களில், சக ஆய்வாளர்களுக்காக எழுதப்படுகிறது. வரி செலுத்தும் மக்களுக்கு அது திரும்பி வருவதில்லை. டுரியான் தோட்டக்காரருக்கு வௌவாலைப் பற்றிய செய்தி மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எளிய நடையில் கிடைக்க வேண்டும். அது கிடைக்காதபோது, "என்ன பயன்?" என்று அவர் கேட்பதில் தவறு காண என்னால் முடியவில்லை. பதில் சொல்ல வேண்டிய கடமை பல்கலைக்கழகங்களுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டு.

மாணவர்களே, நீங்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது படிப்பின் பெயரையும் சம்பளத்தையும் பார்ப்பீர்கள். பாருங்கள், தவறில்லை. அதோடு அந்தத் துறையின் பேராசிரியர்கள் எந்தெந்தக் கேள்விகளை ஆராய்கிறார்கள் என்பதையும் பல்கலைக்கழக இணையத்தளத்தில் ஒருமுறை படியுங்கள். அவற்றில் ஒன்று உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்தால், அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

இதுவரை யாரும் போதுமான அளவு கேட்காத கேள்விகளும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் பாட்டியிடம் பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், லயம், தண்டல், கிராணி என்ற சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கதை வரும். ஜொகூரில் பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்தச் சொற்களைப் பேசியவர்கள் ஒவ்வொருவராக நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவற்றை அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதக்கூடியவர் தமிழ் தெரிந்த ஒருவராகத்தான் இருக்க முடியும். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பேராசிரியர் வரவில்லை என்றால், அதன்பிறகு வருபவருக்குக் கேட்பதற்கு ஆள் இருக்காது.

அன்று குளுவாங்கில் நிப்பாவின் கதையையும் டுரியான் பூவின் கதையையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். மண்டபத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அந்தத் தந்தை உட்காராமல் நின்றுகொண்டே சற்று யோசித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"நம்ம மரத்துக்கு வர்றது எந்த வௌவாலுடா?"

மகன் தலையை நிமிர்த்தினான். "ரெண்டு வகை வருதுப்பா," என்றான்.